நான்காம் எண் பாட்டில்

அட்டுவம்பட்டி,
22 ஜனவரி 2024

அன்புத் தங்கை லீலாவுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன். உன் முட்டிவலியும் மாப்பிள்ளையின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். எனக்குப் பனிக்காலச் சளியைத் தவிர வேறொன்றும் இல்லை.

உன் பொங்கல் வாழ்த்து வந்தது. உன் பெயருக்குக் கீழே சக்திவேல் பெயரையும் எழுதியிருந்தாய். உன் கையெழுத்தில். நம் தம்பிக்கு எழுதத் தெரியும் என்பது என் ஞாபகம்.

ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்த அன்று பெருமாள்மலையில் மரம் விழுந்து வழி அடைபட்டது. திண்டுக்கல்லிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று முன்பே தகவல் சொல்லியிருந்தேன். மறுநாள் ஒரு ஜீப்பைப் பிடித்துக் கவுஞ்சியில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாம்பலில் தண்ணீர் தெளித்து முடித்திருந்தார்கள். மூத்தவன் நான் இருக்க, கொள்ளி வைத்தது இளையவன். "மழை விடலண்ணே, ஊர்ல காத்திருக்க மாட்டேன்னுட்டாங்க" என்றான். அவனைத் தவிர மழை, ஊர் எல்லாமே குற்றவாளி. அன்று அந்த வாசலை விட்டு இறங்கியவன் ஒன்பது வருஷமாகத் திரும்ப ஏறவில்லை. இனியும் ஏறப்போவதில்லை. வாழ்த்தில் அவன் பெயரைச் சேர்க்காதே.

என் நிலைமையையும் தெரிந்துகொள். எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் துறைத்தலைவராக்கியதால் கல்லூரி வேலையை விட்டது உனக்குத் தெரியும். இப்போது கொடைக்கானல் ஏரிக்கு மேலே உள்ள ஒரு ஹோட்டலில் எழுத்து வேலை. ஆங்கில இலக்கியம் படித்தவன் அங்கே செய்வது என்ன தெரியுமா? பரிமாறும் பையன்களுக்காக ஒயின் சொற்களைத் தமிழில் விளக்கி ஒரு கையேடு எழுதுகிறேன். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காதவனிடம் இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

போன் செய்யாதே. உன் போன் கடை மேசையில் கிடக்கிறது, எடுப்பது உன் மாமியார். எழுது.

மூட்டுக்குத் தைலம் தடவிக்கொள்.

உன் அண்ணன்,
முருகானந்தம்


பழனி,
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு லீலா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே பனியில் மப்ளர் கட்டாமல் நடக்காதே. சளி நெஞ்சுக்கு இறங்கினால் பார்க்க ஆள் இல்லை என்பதை நினைவில் வை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் பாதிக்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் பாதியைப் படித்துச் சிரித்துவிட்டேன். தைப்பூசக் கூட்டத்தில் கடையில் நிற்க இடமில்லை, அதற்கு நடுவில் சிரித்தேன். "எதுக்குடி சிரிக்கிற?" என்று அத்தை கேட்டார்கள். "எங்கண்ணன் சாராயத்துக்கு அகராதி எழுதுறாரு அத்தை" என்றேன். "குடிக்கிறவனுக்கு எதுக்கு அகராதி? மூணாவது கிளாசுக்கு மேல அவனே புதுசு புதுசாப் பேசுவான்" என்று சொல்லிவிட்டு விபூதிப் பொட்டலம் கட்டப் போய்விட்டார்கள்.

ஒயின் என்றால் இனிப்பாகத்தானே இருக்கும் அண்ணே? கொடைக்கானல் சாக்லேட் கடைகளில் விற்பது அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். நீ என்னென்ன சொற்களை எழுதுகிறாய்? நேரம் இருக்கும்போது எனக்கும் விளக்கி எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இந்த வருஷம் மலையில் பூண்டு நன்றாக வந்திருக்கிறதாம். பிளம்ஸும் நன்றாகப் பூத்திருக்கிறதாம்.

கஞ்சி குடித்தாவது நேரத்துக்குச் சாப்பிடு.

லீலா


அட்டுவம்பட்டி,
26 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை லீலாவுக்கு,

சளி விட்டது. இருமல் மட்டும் மிச்சம். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை.

பூண்டைப் பற்றியும் பிளம்ஸைப் பற்றியும் நான் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சாக்லேட் கடையில் விற்பது சர்க்கரைத் தண்ணீர். ஒயினில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் 'டிரை'. இதை எடுத்ததுமே, பையன்களுக்கு நான் நடத்துகிற வகுப்பில் கலவரம். செல்லப்பாண்டி என்று பண்ணைக்காட்டுப் பையன் ஒருவன், "காஞ்சு போனதுன்னு அர்த்தமா சார்? பாட்டில் நெறையத் தண்ணியால்ல கெடக்கு?" என்றான். உணவக மேலாளர் சேனாதிபதி மதுரைக்காரர். "ஏலே, உன் மண்டையத்தான் அப்படிச் சொல்லணும்" என்றார். விஷயம் இதுதான்: பழத்தில் உள்ள இனிப்பை ஈஸ்ட் தின்று சாராயமாக்குகிறது. ஒன்றும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டால் அது டிரை. மிச்சம் வைத்தால் இனிப்பு ஒயின். வேறு மர்மம் இல்லை.

அடுத்தது 'டானின்'. தோல், கொட்டை, காம்பிலிருந்து வரும் துவர்ப்பு. ஆறிப்போன கட்டித் தேநீரைப் பாலில்லாமல் குடித்தால் ஈறை இழுத்துப் பிடிக்குமே, அது. 'பாடி' என்பது வாயில் தெரியும் கனம். நீர்மோருக்கும் எருமைத் தயிருக்கும் உள்ள வித்தியாசம். 'அசிடிட்டி' புளிப்பு. மாங்காயைக் கீறும்போதே கடைவாயில் ஊறுகிறதே, அந்த ஊறலை வைத்துத்தான் அளக்கிறார்கள். 'ஃபினிஷ்' என்றால் விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது. 'விண்டேஜ்' பழம் பறித்த வருஷம், அவ்வளவே. பழசு என்று அர்த்தமில்லை. பழசுக்கு மதிப்பு உண்டு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடிக்காமல் எப்படி எழுதுவீர்கள் என்று சேனாதிபதி கேட்டார். "முழுங்க வேணாம் சார், வாயில வச்சுத் துப்பிருங்க" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினார். ஐம்பத்து நான்காவது வயதில் பையன்களுக்கு முன்னால் துப்பக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மூக்கு இருக்கிறது என்கிறார்கள். இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

வெயில் ஏறுமுன் கடைக்குப் போ.

முருகானந்தம்


பழனி,
20 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறோம். பங்குனி உத்திரம் வருகிறது, காவடிக் கூட்டம் தொடங்கிவிட்டது. இவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. இருமலுக்கு மிளகும் பனங்கற்கண்டும் பொடித்து வாயில் அடக்கிக்கொள்.

நீ எழுதியது நன்றாகப் புரிந்தது. எருமைத் தயிர் என்று சொன்னதும் எனக்கே விளங்கிவிட்டது. நீ பாடம் நடத்தினால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

சில சந்தேகங்கள். எங்கள் தெருவில் ஒருவர் பிளம்ஸில் ஒயின் போட்டாராம். நீர்மோர் மாதிரி இருந்ததாம். கனம் வர என்ன செய்ய வேண்டும்? சர்க்கரையைக் கூட்டினால் வருமா? தோலோடு போடுவதா, உரித்துவிட்டா? தோல் எத்தனை நாள் ஊற வேண்டும்? கொட்டையை என்ன செய்வது? ஜாடி வாயை எதால் கட்டுவது?

அவசரம் இல்லை. ஆனால் பிளம்ஸ் பறிப்பதற்குள் எழுதினால் நல்லது.

நெஞ்சில் சூடு ஒத்தடம் கொடு.

லீலா


அட்டுவம்பட்டி,
8 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை லீலாவுக்கு,

இருமல் போய்விட்டது. கூட்டத்தில் நின்று நின்று உன் முட்டி என்ன ஆயிற்றோ.

பழனி அடிவாரத்தில் பிளம்ஸ் ஒயின் போடுகிற மனிதர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அவரிடம் இப்படிச் சொல்.

சர்க்கரை கூட்டினால் போதை ஏறும், கனம் வராது. தண்ணீரைக் குறைக்கச் சொல். பழத்தைத் தோலோடு பிசைய வேண்டும். கொட்டையை உடைக்கவே கூடாது, எடுத்துவிட வேண்டும். தோல் மேலே மிதந்து காய்ந்துவிடாதபடி காலையும் மாலையும் அமுக்கிவிட வேண்டும். ஒரு வாரம் ஊறட்டும். தினமும் ருசி பார்த்து, ஈறில் லேசாகப் பிடிக்கத் தொடங்கியதும் வடிகட்ட வேண்டும். அதற்கு மேல் விட்டால் கசப்பு. நுரைத்துப் புளிக்கிற கொதிப்பு அடங்கும்வரை ஜாடி வாயைத் துணியால் கட்டலாம். அடங்கிய பிறகு காற்றுப் புகாமல் மூட வேண்டும்.

இது என் கையேட்டுக்குத் தேவைப்படாத விவரம். பெங்களூரிலிருந்து சுசித்ரா என்ற ஒயின் ஆலோசகர் மாதம் ஒருமுறை வருகிறார். அவரைக் கேட்டு எழுதுகிறேன்.

அவர் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஹோட்டல் முதலாளி மலைக்குக் கீழே சமவெளியில் பழ ஒயின் ஆலை தொடங்க உரிமம் வாங்கியிருக்கிறார். மேல்மலை ஊர்களில் பழத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் மாதிரிக்கு ஒயின் போட்டுக் கொடுக்கலாம். செப்டம்பரில் சுவைத்துப் பார்த்து, தேறுகிற தோட்டத்துப் பழத்தை வருஷா வருஷம் எடுத்துக்கொள்வார்கள். பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும். சுவைக்கிறவர்களில் நானும் ஒருவன். உங்கள் தெருக்காரருக்கு இது பயன்படாது.

தண்ணீர் நிறையக் குடி.

முருகானந்தம்


பழனி,
15 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, சோலிதான். நடுவில் நான்கு நாள் மலைக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்க வராததற்கு என்ன காரணம் சொல்வதென்று யோசித்தே எழுதாமல் இருந்துவிட்டேன். இப்போதும் ஒரு காரணமும் தோன்றவில்லை. உன் இரத்த அழுத்தம் பார்த்தாயா?

ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். கோபப்படாமல் படி. சக்திக்குப் போன வருஷம் பிளம்ஸ் பறித்த கூலிக்குக்கூடப் பழம் விலை போகவில்லை. தோட்டத்தைக் கேட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள். மரங்களை வெட்டிவிட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு டெண்ட் போடுவார்களாம். புரட்டாசிக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறான். அப்பா வைத்த மரங்கள் என்பதற்காக எழுதவில்லை. அந்த மரங்கள் போனால் அவனுக்கும் அங்கே சோலி இல்லை, திருப்பூருக்குப் போய்விடுவான். மாத்திரையை விடாதே.

லீலா


அட்டுவம்பட்டி,
29 ஜூலை 2024

லீலாவுக்கு,

அழுத்தம் சரியாக இருக்கிறது. நீயும் நலமாக இருப்பாய்.

மலைக்கு வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனாய். அதுவும் கணக்கில் ஏறிவிட்டது.

மரங்களை வெட்டட்டும். கொள்ளி வைக்க என்னைக் கேட்காதவன் கோடாலி வைக்கக் கேட்க வேண்டியதில்லை. திருப்பூரில் பனி இல்லை, அவனுக்கு நல்லது.

முருகானந்தம்


அட்டுவம்பட்டி,
24 செப்டம்பர் 2024

லீலாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. நான் எழுதிய விதத்துக்கு நியாயம்தான். முட்டி எப்படி இருக்கிறது?

நேற்று சுவைப்பு நடந்தது. மேசையில் ஏழு பாட்டில்கள். சேனாதிபதி, சுசித்ரா, முதலாளியின் மைத்துனர், நான். முதல் மூன்றும் எழுதத் தகுதியில்லாதவை. ஒன்று ஜெல்லி, ஒன்று காடி, ஒன்று இருமல் மருந்து.

நான்காவதை முகர்ந்ததும் மைத்துனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓக் மரப் பீப்பாயில் வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டுச் சரக்கு போலப் புகை மணம் வருகிறது என்றார். சுசித்ரா தலையை ஆட்டினார். "இது ஓக் இல்ல சார். ஓக்குல வெனிலா வாசம் வரும், கிராம்பு வரும். இது அழுக்குப் புகை, கூடவே ஏதோ ஊசின வெங்காயம். குறைதான். ஆனா இந்தப் புகைய எடுத்துட்டா உள்ள இருக்கிறது இன்னைக்கு வந்ததுலயே சுத்தமான ஒயின்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார்.

எனக்கு என்ன தோன்றியது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளாசை மூக்குக்குக் கொண்டுபோனபோதே நான் கவுஞ்சியில் நம் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். துப்பிய பிறகு ஈறில் லேசாகப் பிடித்தது. கசக்கவில்லை. இனிப்பு மிச்சமில்லை. கொட்டை உடைபடவில்லை. நான் ஏப்ரலில் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்தக் கிளாசில் இருந்தது.

உங்கள் தெருக்காரர் யார் என்று எனக்கு அப்போதே தெரியாதென்றா நினைத்தாய்? அவனுக்கு என்னிடம் கேட்க வாய் வரவில்லை, உன்னை அனுப்பினான். தெரிந்தும் நான் ஏன் பதில் எழுதினேன் என்று கேட்காதே.

மேசையில் இதை எதையும் நான் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நான்காம் எண்ணுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர் பன்னிரண்டுக்குள் குறை இல்லாமல் இன்னொரு மாதிரி வர வேண்டும். குறை எதனால் என்று சுசித்ராவுக்குத் தெரியவில்லை. அதனால் அவனுக்குப் போகிற தகவலிலும் இருக்காது. எனக்குத் தெரியும். உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் அங்கே போய்விடும்.

முருகானந்தம்


பழனி,
28 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டி பரவாயில்லை. நீ கேட்டதே போதும்.

ஆமாம், அவனுக்காகத்தான் கேட்டேன். உன் கடிதங்களை அவன் வாங்கி வைத்துக்கொண்டான், திருப்பித் தரவில்லை. தெரு என்று பொய் எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். மலைக்கு வந்தபோது உன்னிடம் வராததும் அதனால்தான். உன் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியாது.

ஹோட்டலிலிருந்து அவனுக்குத் தகவல் வந்துவிட்டது. புகை நாற்றம் என்று எழுதியிருக்கிறார்களாம். என்னிடம் போனில் பேசினான். "எங்கக்கா நாறுது? வீடு பூரா மோந்து பாத்துட்டேன், ஒண்ணும் தெரியலையே" என்றான். ஜாடிகளைக் கழுவிக் கழுவிக் காயவைக்கிறானாம். முகர்ந்ததுமே நீ கண்டுபிடித்துவிட்டது அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

அப்பா காரியத்தன்று நடந்ததைப் பற்றி நான் எழுத மாட்டேன். அது நீங்கள் இரண்டு பேரும் பேசவேண்டியது. டெண்ட்காரர்கள் புரட்டாசிக் கடைசி சனிக்கிழமை, அதே பன்னிரண்டாம் தேதி, ஆள் கூட்டி வருகிறார்கள். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசி மழைக்குமுன் கூரையைப் பார்த்துக்கொள்.

லீலா


அட்டுவம்பட்டி,
2 அக்டோபர் 2024

சக்திவேல்,

வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நானும் இருக்கிறேன். இது சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை.

ஜாடிகளைக் கழுவிப் பயனில்லை. குறை ஜாடியில் இல்லை. பூண்டுப் பரணுக்குக் கீழே வைத்திருக்கிறாய். விதைப்பூண்டைக் கட்டிப் பரணில் தொங்கவிட்டுக் கீழே விறகு மூட்டம் போடுகிற அதே அறையில்தான் ஒயின் கொதித்திருக்கிறது. வாய்க்குத் துணி மட்டும் கட்டியிருந்த நாட்களில் பூண்டுக்குப் போட்ட புகை முழுவதும் அதற்குள்ளும் இறங்கியிருக்கிறது. வீட்டிலேயே கதகதப்பான அறை அது என்பதால் வைத்திருப்பாய். மலையில் எவனும் அதைத்தான் செய்வான்.

அந்த அறையில் இருந்ததை இனி ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடு. வேறு அறையில் கொதித்த ஜாடி ஒன்றாவது இருக்கும். இத்தனை பழத்தையும் ஒரே அறையில் அடைத்திருக்க முடியாது. அதிலிருந்து மாதிரி எடு. பரண் அறைக்குள் கொண்டுபோகாமல், புகை படாத இடத்தில் வைத்து ஊற்று. பூண்டு தொட்ட கையால் தொடாதே. அதே புகையில் மூக்கு பழகிப்போன ஊர்க்காரன் யாரையும் முகரச் சொல்லிக் கேட்காதே. கொடைக்கானலிலிருந்து காய் ஏற்ற வருகிற லாரி டிரைவர் யாரையாவது முகரச் சொல். அவன் முகத்தைச் சுளிக்காவிட்டால் அனுப்பு.

வீடு பூரா முகர்ந்தும் உனக்குத் தெரியவில்லை என்று கேள்விப்பட்டேன். தெரியாது. அந்தப் புகைக்குள்ளேயே தூங்கி எழுகிறவனுக்கு அது நாற்றமில்லை, வீடு. நானும் அங்கேயே இருந்திருந்தால் நான்காம் எண் பாட்டிலை முகர்ந்து, அருமை என்று எழுதியிருப்பேன். ஒன்பது வருஷம் வராதவன் என்பதால்தான் எனக்குத் தெரிந்தது.

அதனால் எதையும் மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. மழை பெய்ததும் எனக்குத் தெரியும், காத்திருக்க ஓர் இரவு இருந்ததும் தெரியும்.

இன்று காலை சேனாதிபதியிடம் போய், அடுத்த சுவைப்பில் நான் உட்கார மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றார். நான்காம் எண் யாருடையது என்று எனக்குத் தெரியும், அவனுக்குக் குறையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "சொந்தமா சார்?" என்று கேட்டார். துப்புகிற கிண்ணத்தை அவர் மேசையிலேயே திருப்பி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "சொல்லுங்க சார், நல்ல ஒயினு வீணாப் போகக் கூடாதுல்ல. எங்களுக்கும் பழம் வேணும்" என்றார். ஆகவே இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. தேறினால் அது உன் பழத்தால் தேறியது. யாருக்கும் நீ கடன்பட வேண்டாம்.

டெண்ட்காரர்களைப் பன்னிரண்டாம் தேதி கழிந்து வரச் சொல்.

கடைசியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. முருகானந்தம் என்று எழுதிப் பார்த்தால், ஹோட்டலிலிருந்து யாரோ எழுதியது போல இருந்தது. கிழித்துவிட்டு முழுவதையும் மறுபடி எழுதினேன். கவுஞ்சிக்குக் கடிதம் போய்ச்சேர நாளாகும், நாளை வெள்ளனே தபாலில் சேர்த்தாக வேண்டும். கையெழுத்து இல்லாமலே போட்டுவிடுகிறேன்.